சந்திரமதி மாற்றிய பிரேக் பேட்

சந்திரமதியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் என்று திக்லிபூரில் தேடினால் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர்கள்தான் அகப்படுவார்கள். கேஸ் சிலிண்டரை எடை காட்டாமல் இறக்கப் பார்த்தவன், ஏரியல் பே ஜெட்டியில் படகுக்கு நிற்கிற வரிசையை மீறி வண்டியை முன்னால் நுழைத்தவன், பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டு சீட்டுப் பிடித்தவன், எல்லோரிடமும் ஒரு கதை இருக்கும். கிடைத்தது நியாயமான திட்டுதான் என்று அவர்களுக்கே தெரியும். அதனால்தான் இன்னும் எரிச்சல்.

அவளுடைய அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் வேலைக்குக் கப்பலேறி வந்தவர். அவள் பிறந்தது, படித்தது, சண்டை போடக் கற்றது எல்லாம் இந்தத் தீவில்தான். சாதாரணமாகப் பேசினால் அப்பாவின் தமிழ் வரும், கோபம் வந்தால் பாதி இந்தி ஆகிவிடும். திக்லிபூரில் வங்காளிக்கும் தெலுங்குக்காரனுக்கும் மலையாளிக்கும் ஒரே நேரத்தில் புரியும்படி திட்ட வேண்டுமென்றால் இந்தியைத் தவிர வழி கிடையாது.

அவள் ஓட்டுவது சொந்த வாடகைக் கார். தீவு பார்க்க வருகிறவர்களை ஜெட்டிக்குக் கொண்டுபோய் விடுவாள், திரும்ப ஏற்றிக்கொள்வாள். புருஷன் தங்கையா தண்ணீர்த் துறையில் பம்ப் ஆபரேட்டர். சாது. பம்ப் ஓடுகிற சத்தத்திலேயே இருந்து இருந்து, வாயைத் திறக்கிற பழக்கமே அவனுக்கு விட்டுப்போயிற்று. அவனுக்கென்று ஒரு பைத்தியம் உண்டென்றால் அது எண்ணெய். கேட் கீல், பூட்டு, அரிவாள்மணை, தையல் மெஷின், குடைக்கம்பி, எதுவாக இருந்தாலும் துருவின் சாயல் தெரிந்தால் போதும், பழைய இன்ஜின் ஆயிலும் பிரஷ்ஷுமாக வந்து நிற்பான். அவனை மட்டும் சொல்லிப் பயனில்லை. கடற்காற்றும் எட்டு மாத மழையுமாக இரும்பைத் தின்கிற ஊர் அது. மழைக்கு முன்னால் வண்டியின் அடிவயிற்றில் எண்ணெய் அடிக்காதவனை அங்கே சோம்பேறி என்பார்கள்.

அவளுடைய சண்டைகளில் ஒன்று மட்டும் தீராமல் கிடந்தது. தங்கையாவின் தம்பி நந்தகுமாரோடு உள்ளது. அவள் டிரைவிங் லைசென்ஸ் எடுத்த வருஷம் போர்ட் பிளேரில் குட்வில் எஸ்டேட்டில் ஒரு காதுகுத்து விருந்து. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது நந்தகுமார், "அண்ணி வண்டி ஓட்டட்டும், அண்ணன் சேலையைக் கட்டிக்கிட்டு வீட்டைப் பாத்துக்கட்டும்" என்றான். பந்தியே சிரித்தது. தங்கையாவும் கூடச் சேர்ந்து சிரித்தான். தன்னைச் சொல்லியிருந்தால் அவள் அங்கேயே திருப்பிக் கொடுத்திருப்பாள். சொன்னது புருஷனை. அவனே சிரித்துக்கொண்டிருக்கும்போது அவள் யாருக்காகச் சண்டை போடுவது? பாதி இலையில் எழுந்து போனாள். அன்றைக்கு விழுங்கியது இன்னும் அவளுக்குச் செரிக்கவில்லை.

அவளுடைய போதாத காலம், அவள் வாங்கிய காருக்குத் தீவுகள் முழுக்க ஒரே ஒரு ஷோரூம். போர்ட் பிளேரில். அதில் சர்வீஸ் சூப்பர்வைசர் நந்தகுமார்.

திக்லிபூரிலிருந்து அங்கே போவதென்றால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். பழங்குடிகளுக்கு ஒதுக்கிய காட்டுக்குள்ளே போலீஸ் வண்டி முன்னால் போக எல்லா வண்டியும் வரிசையாகப் பின்னால் போக வேண்டும். நேரம் தப்பினால் கேட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். வண்டியோடு படகில் ஏற வேறு காத்திருக்க வேண்டும். வேலைக்கு ஒரு நாள், திரும்ப ஒரு நாள். அத்தனையும் சவாரி இல்லாத நாட்கள். ஆகவே முன் சக்கரத்தில் பிரேக் கிறீச்சிடத் தொடங்கியபோது அவள் நேரே கிளம்பாமல் ஷோரூமுக்குப் போன் போட்டாள். எடுத்தது நந்தகுமார். பேட் தேய்ந்திருக்கும், கொண்டு வாருங்கள் என்றான். பேட்டை பஸ்ஸில் கொடுத்துவிடு, நானே மாற்றிக்கொள்கிறேன் என்றாள் அவள். அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது. வெளியே கை வைத்தால் வாரண்டி முழுவதும் போய்விடும் அண்ணி, அப்புறம் இன்ஜினுக்கு ஒன்று என்றாலும் என்னிடம் வந்து நிற்கக்கூடாது என்றான்.

வாரண்டி புத்தகத்தை உலகத்தில் எவனும் படிப்பதில்லை. சந்திரமதி படித்தாள். சிரித்தவன் மேலிருந்த ஆத்திரத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பிரேக் பேட் தேய்கிற சாமான், அதற்கு வாரண்டியே கிடையாது என்று இருந்தது. கம்பெனி சாமானைப் போட்டு, முறைப்படி மாட்டி, பில்லையும் வைத்திருந்தால், மாற்றியது யார் என்பதற்காக மற்றவற்றின் வாரண்டி போகாது என்றும் இருந்தது. அந்த வேலையால் ஏதாவது கெட்டால், கெட்டதற்கு மட்டும் கம்பெனி பொறுப்பில்லை. அவ்வளவுதான் விஷயம். இவன் இத்தனை வருஷமாகத் தீவு முழுக்க ஆட்களை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

தெரிந்த பஸ் டிரைவர் ஒருவர் மூலமாக அதே ஷோரூம் கவுண்டரிலிருந்து அதே கம்பெனி பேட்டை வரவழைத்தாள். பில்லை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தாள். பவர் ஹவுஸ் மெக்கானிக்கிடம் நட்டை அளவாக முறுக்குகிற ஸ்பேனரை இரவல் வாங்கினாள். வீட்டு முன்னால் சமதரையில் வண்டியை நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கிலோமீட்டர் காட்டுவதைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் ஜாக்கியைத் தொட்டாள். சக்கரத்தைக் கழற்றினாள். சக்கரத்தோடு சுழல்கிற டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரின் போல்ட்டை எடுத்து, அது பிரேக் ஹோஸில் தொங்கி இழுக்காதபடி கம்பியால் கட்டி வைத்தாள். பழைய பேட் தகடாகத் தேய்ந்திருந்தது. அதையே பிஸ்டன் மேல் வைத்து மெல்ல உள்ளே அழுத்தினாள். புதியதை மாட்டினாள். மறுபக்கச் சக்கரத்திலும் அப்படியே செய்தாள். ஒவ்வொன்றுக்கும் போட்டோ எடுத்தாள். கிரீஸ் டப்பாவோடு வந்து நின்ற தங்கையாவிடம், அது காலிப்பர் நகர்கிற பின்னுக்கு மட்டும்தான், பேட் பக்கம் ஒரு பொட்டுக்கூட வரக்கூடாது, வழுக்கினால் வண்டி நிற்காது என்று சொல்லி, டப்பாவைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். அவன் தலையை ஆட்டினான். கடைசியில் வண்டியை நகர்த்தும் முன் பெடலை மிதித்து மிதித்து அது கால் அடியில் கெட்டியானதும்தான் எழுந்தாள். முறைப்படிதான் செய்தாள். அதில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகுதான் வருஷாந்திர சர்வீஸ் வந்தது. அதற்குப் போர்ட் பிளேர் போயே ஆக வேண்டும். தங்கையாவும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். மேடும் பள்ளமுமாக அவ்வளவு தூரமும் பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. போர்ட் பிளேரில் டெய்ரி ஃபார்ம் பகுதியில் அவளுடைய சித்தி மகள் அழகம்மா வீட்டில் தங்கினார்கள். சர்வீஸுக்கான ஃபில்டர் ஏற்றி வந்த கப்பல் கடல் சரியில்லாமல் தாமதம், ஆகவே ஷோரூமில் இரண்டு மூன்று நாள் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். அந்த நாட்களில் ஒரே மழை. வண்டி தெருவோரம் நனைந்துகொண்டு நின்றது.

மழை விட்ட காலையில் ஷோரூமுக்குக் கிளம்பினார்கள். வீட்டிலிருந்து இறங்கும் சரிவில் அவள் பிரேக்கை மிதித்தாள். பெடல் கல் மாதிரி இருந்தது. வண்டி நிற்கவில்லை. இன்னும் அழுத்தினாள். வேகம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். கீழே வளைவில் ஸ்கூல் வேன் நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டிருந்தது. அவள் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியை இடது பக்கம் மண்மேட்டில் கொண்டுபோய் இடித்தாள். பம்பர் நசுங்கியது. வேனிலிருந்த பிள்ளைகள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்தில் தங்கையா டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் இன்ஜினை அணைத்தாள். பயம் வரும் முன்பே கோபம் வந்துவிட்டது, அது அவளுக்கு நல்லதாயிற்று.

பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் பூஸ்டர் போயிருக்கிறது என்று அவள் முடிவு கட்டினாள். காலின் அழுத்தத்தைப் பெருக்கி பிரேக்குக்கு அனுப்புகிற உறுப்பு அது. கம்பெனி கோளாறு, வாரண்டி உள்ளது. அவள் முடிவு கட்டியதில் தப்பில்லை, திக்லிபூரிலிருந்து அத்தனை தூரம் பிடித்த பேட் இரவோடு இரவாகவா கெடும்? வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனார்கள்.

நந்தகுமார் நசுங்கிய பம்பரையும் பார்த்தான், அண்ணியையும் பார்த்தான். ஹாலில் காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படிதான் பேசினான். வெளியே கை வைத்த வண்டி, பிள்ளைகள் மேல் ஏறியிருந்தால் யார் பதில் சொல்வது, வாரண்டி முழுவதும் ரத்து, சிஸ்டத்தில் இப்போதே போட்டுவிடுகிறேன் என்றான். தங்கையாவைப் பார்த்து, நீ ஒரு வார்த்தை தடுக்கக்கூடாதா என்று வேறு கேட்டான். தங்கையா ஓரத்து நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வாரண்டி போனால் சந்திரமதிக்கு வண்டி போன மாதிரிதான். உப்புக்காற்றில் கியர்பாக்ஸும் இன்ஜினும் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒன்று போனால் திருப்பி வாங்க அவளால் ஆகாது. ஜெட்டி வரிசையில் அவளுடைய இடத்தில் வேறு வண்டி நிற்கும். நந்தகுமார் சொன்னதுதான் சரி என்று சொந்தபந்தம் முழுவதும் பேசும். அவள் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள்.

படித்துக் காட்டினாள். பில்லைக் காட்டினாள். உன் கவுண்டரில் வாங்கியது, உன் ஆள் போட்ட சீல் என்றாள். போட்டோக்களை ஒன்றொன்றாக நகர்த்தினாள். காத்திருந்தவர்கள் எழுந்து பக்கத்தில் வந்தார்கள். ஒரு தெலுங்குக்காரர், பாய் சாப், எங்களிடமும் இப்படித்தானே சொன்னீர்கள் என்று இந்தியில் கேட்டார். நந்தகுமாரின் காது சிவந்தது.

"வண்டியைத் தூக்கு, நந்தா. என் கை பட்ட இடத்துல கோளாறுன்னா என் பேர்ல எழுது. படாத இடத்துல இருந்தா உன் கம்பெனி மாத்தித் தரணும். ரெண்டுல எதுன்னாலும் ஜாப் கார்டுல எழுதணும். வாயால சொல்ற வேலை எங்கிட்ட வேணாம், பக்கா எழுத்துல வேணும்."

தூக்கினார்கள். பிஸ்வாஸ் என்ற வங்காளி மெக்கானிக் முதலில் பூஸ்டரைச் சோதித்தான். நன்றாகத்தான் இருந்தது. பிறகு முன் சக்கரத்தைக் கழற்றினான். டிஸ்க்கில் விரலை வைத்துத் தேய்த்தான், முகர்ந்தான், சிரிப்பை அடக்கிக்கொண்டு நந்தகுமாரிடம் விரலை நீட்டினான்.

"தேல் லகா ஹுவா ஹை, சார்."

எண்ணெய். டிஸ்க் முழுக்கப் பழுப்பு இன்ஜின் ஆயில் வரிவரியாகப் பூசியிருந்தது. பேட் இரண்டும் அதைக் குடித்துக் கறுத்திருந்தன. டிஸ்க்கின் ஓரத்தில் பிரஷ் மயிர் ஒன்று ஒட்டியிருந்தது. அந்தப் பக்கச் சக்கரத்திலும் அதேதான்.

சந்திரமதிக்குப் புரிய ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. காலையில் அவள் குளிக்கப் போனபோது தங்கையா தெருவில் வண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தான். மழையில் நின்ற வண்டிக்கு டிஸ்க் சிவந்திருக்கும். அது முதல் மிதியிலேயே தேய்ந்து போகிற துரு. அதைப் பார்த்துப் பொறுக்காமல், அழகம்மா புருஷன் மோட்டார் சைக்கிளுக்கு வைத்திருந்த பழைய எண்ணெயைத் தேடி எடுத்து, சக்கரத்தின் சந்து வழியாகப் பிரஷ்ஷை விட்டுப் பொறுமையாகப் பூசியிருக்கிறான். பேட் மேல்தானே கிரீஸ் படக்கூடாது என்றாள், டிஸ்க்கைச் சொல்லவில்லையே என்று நினைத்திருப்பான். அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தன் நகக்கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனை அந்த நாற்காலியோடு தூக்கிக் கடலில் போட்டிருப்பாள். அங்கே அத்தனை பிள்ளைகள் நின்றிருந்தார்களே.

நந்தகுமாருக்கும் புரிந்துவிட்டது. ஒரே வீட்டில் வளர்ந்தவன் அல்லவா, அண்ணனின் எண்ணெய்ப் பைத்தியம் அவனுக்குத் தெரியாதா. அவன் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு ஏறியது. பந்தியில் சிரித்த அதே சிரிப்பு. கேள்வியை அவளிடம் கேட்டான், கண் அண்ணன் மேல் இருந்தது.

"பேட்டை நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க. இந்த எண்ணெய் யாரு அண்ணி பூசினது?"

உண்மையைச் சொன்னால் அவளுடைய வேலை சுத்தம், அவள் பேர் சுத்தம். ஹால் முழுக்க சாட்சி. அவள் இதற்காகத்தான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தங்கையா நாற்காலியிலிருந்து எழுந்து வாயைத் திறந்தான்.

"நான்தான்" என்றாள் சந்திரமதி. "நீங்க உக்காருங்க."

தங்கையா அப்படியே நின்றான். தெலுங்குக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். பிரேக்குக்கு எண்ணெய் போட்ட பொம்பளை என்று இந்தியில் யாரோ சொல்ல, இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சந்திரமதி தன் வாழ்நாளில் செய்யாத தப்புக்கு வாங்கிய முதல் சிரிப்பு அது. கழுத்து நரம்பு புடைத்தது, ஆனால் திரும்பவில்லை.

நந்தகுமார் எதிர்பார்த்தது இது இல்லை. பேனாவை மூடி வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, குடும்பத்து மனுஷனாகிவிட்டான். இதையெல்லாம் எழுத வேண்டாம், துடைத்துப் புது பேட் போட்டு அனுப்பிவிடுகிறேன், வாரண்டியையும் தொடவில்லை, நமக்குள்ளே எதற்கு என்றான். அதன் விலை என்னவென்று சந்திரமதிக்குத் தெரியும். இனி வருகிற ஒவ்வொரு விருந்திலும், அண்ணனும் அண்ணியும் சேர்ந்து செய்த கூத்தை நான்தான் மூடி மறைத்தேன் என்பான். கேட்க ஆள் இருக்கிற வரைக்கும் சொல்வான்.

"எழுது" என்றாள்.

"எதுக்கு அண்ணி, ரெக்கார்டு ஆயிடும்."

"ஆகட்டும். பேட் மாட்டினது முறைப்படி இருக்குன்னு எழுது. டிஸ்க்குல எண்ணெய் பூசினது வண்டியோட சொந்தக்காரின்னு எழுது. பேட்டுக்கு வாரண்டி கிடையாது, அது என் செலவு. வேற எதுவும் கெடல, பாக்கி வாரண்டி அப்படியே இருக்கு, அதையும் எழுது. புத்தகத்துல இருக்கிறது அதுதான். உன் தயவு எனக்கு வேணாம்."

அவன் எழுதினான். வேறு வழியில்லை, தெலுங்குக்காரர் இன்னும் காது கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவள் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்தாள். 'கஸ்டமர் கவனக்குறைவு' என்று எழுதியிருந்த இடத்தில் தன் பேரைச் சேர்த்து எழுதச் சொன்னாள். சேர்த்ததும் கையெழுத்துப் போட்டாள்.

புது பேட்டை எங்கள் பையன் மாட்டிக் கொடுப்பான் என்று நந்தகுமார் கடைசியாக ஒரு தடவை சொன்னான். அவள் கவுண்டரில் பேட்டை வாங்கி, பில்லை வாங்கி, பிஸ்வாஸ் சர்வீஸை முடித்து, எண்ணெய் குடித்த பேட்டை எடுத்துவிட்டு, டிஸ்க்கை மருந்தடித்துத் துடைத்ததும் சக்கரத்தைப் போட்டு வண்டியை இறக்கச் சொன்னாள். கேட்டுக்கு வெளியே சமதரையாக ஓர் இடம் பார்த்து அதைத் தள்ளி நிறுத்தினார்கள். டிக்கியிலிருந்து ஜாக்கியையும் ஸ்பேனர் பையையும் எடுத்தாள். தூறல் மறுபடி ஆரம்பித்திருந்தது.

தங்கையா பக்கத்தில் வந்து நின்றான். அவளாகப் பேசுவாள் என்று காத்திருந்தான். அவள் நட்டுகளைத் தளர்த்திக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லியிருப்பேன், மதி" என்றான். "சொல்லத்தான் எழுந்தேன். எதுக்கு நீ உன் பேரைக் கொடுத்த?"

"சொல்லியிருந்தா அவன் சாகுற வரைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். நீங்களும் கூட உக்காந்து சிரிப்பீங்க. என்னால அதை இன்னொரு தடவை பாக்க முடியாது. உங்களைத் திட்டுறதுக்கு நான் ஒருத்தி இருக்கேன், போதும். பிள்ளைங்க நின்னுச்சுங்க அங்க. பாத்தீங்கல்ல? திக்லிபூர் போற வரைக்கும் திட்டுவேன், வாயைத் திறக்காம கேட்டுக்கிட்டு வரணும்."

அவன் தலையை ஆட்டினான். கண் கலங்கியிருந்தது. உட்கார்ந்து சக்கரத்தைப் பிடிக்கப் போனான்.

"தொடாதீங்க. உள்ள போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிட்டு வாங்க."

அவன் போய்க் கழுவிவிட்டு வந்து இரண்டு கைகளையும் அவள் முன்னால் நீட்டினான். அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கைகளைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள், நகங்களைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு தடவை கழுவிவிட்டு வரச் சொன்னாள்.